முப்பத்தொன்பது டிகிரி

வந்தவள் உட்காரவில்லை. நேராகச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, முள்ளை ஆறு நிமிடம் பின்னால் நகர்த்தி, திரும்ப மாட்டினாள்.

"மன்னிச்சுக்கோங்க, வேகமா ஓடுது" என்றாள். பிறகுதான் அழுதாள்.

வீட்டுக்காரி ஓர் ஆய்விதழில் முப்பது வருடம் பிழை திருத்தியவள்; இப்போது தேடி வருகிறவர்களுக்குத் துப்புத் துலக்குகிறாள். முற்றுப்புள்ளி என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது அவளுடைய நாத்தனார். நாத்தனார் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். துப்பு என்றால் வகுப்பை ரத்து செய்துவிட்டு வந்துவிடுவாள்; இன்றும் வந்திருந்தாள்.

"அழுது முடிச்சுட்டு சொல்லும்மா" என்றாள் முற்றுப்புள்ளி.

வந்தவள் விஞ்ஞானி. குடிநீரில் ஒரு கிருமி இருக்கிறதா என்று இருபது நிமிடத்தில் காட்டும் சோதனையைக் கண்டுபிடித்திருந்தாள். அதைக் கட்டுரையாக எழுதி எல்லா நாட்டுக்கும் திறந்து வைக்க ஆசை. பாதுகாப்புக் குழு ஒரே ஒரு பத்தியை நீக்கச் சொன்னது: கிருமியை வேகமாக வளர்க்கும் முறை. கெட்டவர் கையில் கிடைத்தால் வம்பு. சண்டை போட்டுப் பார்த்துவிட்டு அவளும் நீக்கினாள். நேற்று அந்தப் பத்தி இணையத்தில் வந்துவிட்டது.

"முழுப் பிரதி என்கிட்ட, கூட வேலை பாக்கிற தாடிகிட்ட, பாதுகாப்பு அதிகாரிகிட்ட, மூணே பேர்கிட்டதான் இருக்கு. சண்டை போட்டது நான். அதனால நான்தான் போட்டேன்கிறாங்க. நாலு மணிக்குக் கட்டுரையையே ரத்து பண்றாங்க."

"தாடிதான் அண்ணி! மூஞ்சிய மறைக்கத்தானே தாடி வைக்கிறாங்க?"

"உங்க அண்ணனுக்கும் தாடி இருக்கே."

"அதைத்தான் சொல்றேன்."

முற்றுப்புள்ளி அவள் கொண்டுவந்த முழுப் பிரதியையும் இணையத்தில் வந்த பத்தியின் தாளையும் அருகருகே வைத்துப் பென்சிலை ஓட்டினாள்.

"கட்டுரைல முப்பத்தேழு டிகிரி. இணையத்துல முப்பத்தொன்பது. அதோட மூணாவது, நாலாவது வரியில முதல் பாதி இல்ல. ஆய்வுக்கூடத்தைப் பாக்கலாமா?"

ஆய்வுக்கூடத்தில் தாடி ஒரு பழைய வெப்பப் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இது ரெண்டு டிகிரி பொய் சொல்லும்மா. முப்பத்தேழு வேணும்னா முப்பத்தொன்பதுல வைக்கணும். போர்டுல பெட்டிக் கணக்கை எழுதுவோம், கட்டுரைல நிஜத்தை எழுதுவோம்."

"நிஜமாவே முப்பத்தொன்பது ஆச்சுன்னா?"

"கிருமி அவ்வளவுதான். செத்துரும்."

எதிரே வெள்ளைப் பலகை துடைத்துச் சுத்தமாக இருந்தது.

மூன்றரை மணிக்குத் தாடி உட்பட எல்லோரும் பாதுகாப்பு அதிகாரியின் அறையில் இருந்தார்கள். அவர் பின்னால் சட்டமிட்ட புகைப்படம்: ஆய்வுக்கூடத்தில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் அவரே.

"போன மாசம் பாதுகாப்புச் சோதனைக்குப் போனப்ப எடுத்தது" என்றார் பெருமையாக. "எங்க வலைத்தளத்துலயும் முதல் பக்கமே இதுதான்."

"அழகா இருக்கீங்க" என்றாள் முற்றுப்புள்ளி. "இந்தம்மா கசியவிடல சார். எங்க வீட்டுக் கடிகாரம் ஆறு நிமிஷம் தப்பா ஓடறதையே பொறுக்காதவங்க. தப்பான எண்ணை உலகத்துக்குக் காட்ட இவங்களுக்குக் கை வராது. உங்க மூணு பேர் பிரதியிலயும் முப்பத்தேழுதான் இருக்கு. முப்பத்தொன்பது இருந்தது ஒரே இடத்துல, போர்டுல."

"அப்ப தாடி..." என்றாள் நாத்தனார்.

"தாடிக்கு எல்லா வரியும் தெரியுமே. பாதி வரி மட்டும் தெரியாத ஆள் யாரு? போட்டோவைப் பெரிசு பண்ணிப் பாத்த யாரோ."

நாத்தனார் படத்துக்கு முன்னால் பாய்ந்தாள். படத்தில் அதிகாரிக்குப் பின்னால் ஆய்வுக்கூடப் பலகை. பலகையில் எழுத்து. மூன்றாவது, நாலாவது வரிகளின் முதல் பாதியை ஒன்று மறைத்திருந்தது.

"சார், உங்க தலை!"

அதிகாரி தலையைத் தடவிக்கொண்டார். காது சிவந்தது. "என் தலை நாட்டைக் காப்பாத்திருக்குன்னு எடுத்துக்கலாமா?"

"பாதியை உங்க தலை, மீதியை அந்தப் பெட்டி" என்றாள் முற்றுப்புள்ளி. "அதைப் படிச்சு எவனும் ஒரு கிருமியக்கூட வளர்க்க முடியாது."

அதிகாரி சிரிப்பை அடக்க முடியாமல், ரத்து உத்தரவைக் கிழித்தார். சோதனை முறை முழுவதும் எல்லோருக்கும். அந்த ஒரு பத்தி மட்டும் கேட்டு வருகிறவர் யாரென்று பார்த்த பிறகு தருவது என்று முடிவாயிற்று. கட்டுரை அன்றே அச்சுக்குப் போயிற்று.

விஞ்ஞானி மட்டும் அதிகாரியின் கணினித் திரையில், இணையத்தில் கசிந்த பத்தியிலிருந்த முப்பத்தொன்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் மெல்ல விசைப்பலகைப் பக்கம் நகர்ந்தது.

"இதுக்குக் கீழ ஒரு சின்னத் திருத்தம் மட்டும்..."

"தொடாதே!" என்று நாலு பேரும் கத்தினார்கள்.

அவள் இரண்டு கைகளையும் மடித்து அக்குளில் செருகிக்கொண்டாள். வீடு போய்ச் சேரும்வரை எடுக்கவில்லை. கார்க் கதவை நாத்தனார்தான் திறந்துவிட்டாள்.