கிடாரத்தில் உருகிய கொயில்

வியாழன் பின்னேரம் வேலையால் வந்த தேவராசா, லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து ஒரு இரும்புப் பானையை இறக்கினான். கொடிகாமத்துப் பழைய ரெலிபோன் லைன்களைக் கழற்றுவது அவன் வேலை.

"என்னப்பா உது?" என்று மனைவி குணலட்சுமி மூக்கைப் பொத்தினாள்.

"லோடிங் கொயில். ரெலிபோனிலை தூரம் போற கதை தேய்ஞ்சு போகாமல் தாங்கி அனுப்பிறது. இப்ப இன்ரநெற்றுக்கு இடைஞ்சலாம். உள்ளுக்கை முழுக்கச் செப்புக் கம்பி, சுத்திவரத் தார். தாரை உருக்கினால் வந்திடும்."

குணலட்சுமி, மகள் கஜானியைக் குளிப்பாட்டிவிட்டு வந்தபோது, அடுப்பில் இருந்தது அவளுடைய பெரிய பொங்கல் கிடாரம். தார் கொதித்தது. ஆனால் அது தார் மணமல்ல. பல நாள் கழுவாத வாய், ஊறிய வெற்றிலை, சொத்தைப் பல். கறுப்பின் மேல் வெள்ளையாக நுரை மிதந்தது. அகப்பையால் தூக்கினால் நூல் நூலாக இழுபட்டது.

எச்சில்.

"உங்களுக்கு விசரே? நாளைக்கு நேர்த்திப் பொங்கலுக்கு வைச்ச கிடாரமெல்லோ."

"வேறை ஒண்டும் கொள்ளேல்லையப்பா. நானே மினுக்கித் தாறன். சாமிக்கும் தெரியாது."

போன வருடக் காய்ச்சலோடு கஜானிக்குப் பேச்சு நின்றுபோனது. கோயிலில் சொந்தக் கிடாரத்தில் பொங்கி, முதல் கவளத்தைப் பிள்ளைக்கு ஊட்டுவதாக நேர்த்தி. இரவல் பாத்திரம் ஆகாது.

சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தார்கள். காயக் காய உட்புறம் மறுபடி ஈரமாகியது. குணலட்சுமி தொட்டாள். இளஞ்சூடாக விரலில் ஒட்டியது.

அந்தக் கோயிலில் பொங்குகிறவர்கள் வாயை வெள்ளைச் சீலையால் கட்டிக்கொள்வார்கள். கதைக்கக் கூடாது. ருசி பார்க்கவும் கூடாது. வெள்ளிக்கிழமை குணலட்சுமியும் அப்படித்தான் பொங்கினாள். ஆவியோடு அதே வாய்நாற்றம் முகத்தில் அடித்தது.

கொட்டிவிடலாமா?

எதிரே கஜானி தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொட்டவில்லை. கிண்டினாள்.

பூசை முடிந்தது. முதல் கவளத்தை ஊட்டினாள். பிள்ளை மென்றாள். உதட்டிலிருந்து சோறு நூலாக இறங்கியது.

குணலட்சுமி வாய்ச்சீலையை அவிழ்த்தாள். "அம்மா எண்டு சொல்லு, குஞ்சு."

கஜானியின் வாய் திறந்தது.

நாக்கு அசையவில்லை. உதடும் அசையவில்லை. உள்ளே யாரோ காறினார்கள். சளியை விழுங்கினார்கள். பிறகு ஒரு கிழவனின் கரகரத்த குரல் வந்தது.

"சரி, நான் ரெலிபோனை வைக்கிறன். எனக்குப் பின்னாலை கனபேர் லைனிலை நிக்கினம்."

பிள்ளையின் வாய் மூடவில்லை. அடுத்ததாக ஒரு பெண் தொண்டையைச் செருமினாள்.