மண்மணிகள் சுமந்த ஊர்

முத்துத்திட்டில் தரையைப் பார்த்துவிட்டுத்தான் ஊரே தூங்கும். கடலில் மணல் கொட்டி எழுப்பிய தீவு அது. ஒவ்வொரு வீட்டின் அடியிலும் மணலோடு மணலாக மண்மணிகள் கலந்திருந்தன. கடுகளவு உருண்டைகள், தம்மேல் அழுத்தும் பாரத்தை அளந்து மேலே சொல்லும். பாரம் அளவோடு இருந்தால் தரை நீலமாக ஒளிரும். அந்த நீலத்தில் மிதந்தபடி குழந்தைகள் கண்ணயரும். மீறினால் குங்கும நிறம்.

இந்த மாதம் தெருத் தெருவாகக் குங்குமம் பரவியது. திட்டைக் காலி செய்யச் சொல்லி உத்தரவும் வந்துவிட்டது. மண்ணியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த வெண்மதியும் அந்த ஊர்க்காரிதான். பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் அந்த மணல்மேல்தான். மகளைக் கூட்டிக்கொண்டு இனி எங்கே போவது?

அவளும் கூட வேலை பார்க்கும் ரொசாரியோவும் கண்ணாடித் தொட்டிக்குள் சல்லடை வழியே மணலை மழையாகப் பொழிந்தார்கள். அப்படிப் பெய்தால்தான் மணல் எங்கும் சீராகப் படியும். நடுவில் மண்மணிகள், மேலே ஒரு குட்டி வீடு. மணிகள் காட்டிய பாரமோ வீட்டின் எடைக்குப் பொருந்தவே இல்லை. இரண்டு மடங்கு இருந்தது.

ரொசாரியோ பழைய சோதனைகளைத் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். மணிகளைச் செய்த புண்ணியவான்கள் அவற்றைத் தண்ணீரில் அமுக்கிச் சரிபார்த்திருக்கிறார்கள். தண்ணீர் எல்லார்மேலும் ஒன்றுபோல் அழுத்தும். மணல் அப்படியா? தன்னைவிடக் கெட்டியான ஆள் கிடைத்தால் பாரத்தை அவன் தலையில் இறக்கிவிட்டுச் சும்மா கிடக்கும். மணிகளோ மணலைவிடக் கெட்டி.

"அப்போ நம்ம மண்ணுக்கு ஒண்ணுமில்லக்கா. மணிய எடுத்துட்டாப் போதும்" என்றான்.

வெண்மதிக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. இருந்தாலும் தொட்டியை அதிரவிட்டு, திட்டு பட்ட அத்தனை வருட அலைகளையும் அந்த மணலுக்குக் காட்டினாள். பிறகு மணிகளை உறிஞ்சி எடுத்தார்கள். புகார் சொல்ல ஆள் இல்லாததால் தொட்டித் தரை நீலமானது. அந்த அழகான நீலத்துக்குள் குட்டி வீடு மெல்ல, சத்தமே இல்லாமல் இறங்கியது.

மணல் பாரம் சுமப்பதையே விட்டுவிட்டிருந்தது. அளக்க வந்தவைதான் ஊரைத் தாங்கிக்கொண்டிருந்தன.

மணிகள் தாங்கும்வரை ஆபத்தில்லை என்று உத்தரவு ரத்தானது. வெண்மதி தெருக்காரர்களைக் கூட்டி நடந்ததைச் சொன்னாள். இனி மணிகள் ஓயாமல் சுமக்க வேண்டும்; நொறுங்கிப்போனால் அவை எதையும் சொல்லாது.

"குங்குமம் எரியுத வரைக்கும் நிம்மதியாத் தூங்குங்க" என்றாள். "நீலம் வந்தா ஓடிருங்க."

ஊர் குங்கும வெளிச்சத்தில் படுத்தது. மகள் மட்டும் தரையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஏன் தூங்கவில்லை என்று வெண்மதி அவள் தலையைக் கோதினாள்.

"நீலம் வரட்டும்மா. வந்ததும் தூங்கிருதேன்."