தேர் என்று ஒரு சொல்

“சிவ இல்லாத சொல்லுக்கு நான் கயிற தொடமாட்டேங்க...”

“தொடாத போ! நான் சொல்றத முழுசா கேக்கறியா நீ...”

“கேட்டாச்சு, கேட்டாச்சு. மாமா இருந்திருந்தா...”

“மாமா, மாமா! எங்கப்பா போயி அஞ்சு வருசம் ஆவுது. இன்னும் அவருதான் இந்தத் தறில குந்திக்கினு இருக்காரா?”

உள்ளறைத் தூளி அசைந்தது. வடிவாம்பாள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். எட்டு மாதக் குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது.

கைலாசம் தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்பவன். அவள் பக்கத்தில் நின்று அடைக் கயிறுகளை இழுப்பவள். அவள் எந்தக் கயிற்றை இழுக்கிறாளோ அந்த இழைகள் மேலெழும், சேலையில் பூ விழும். ஒவ்வொரு இழுப்பையும் சொல்லி மாளாது என்று சொல் கட்டி வைத்திருந்தார்கள். ‘கொடி’ என்றால் பன்னிரண்டு இழுப்பு, ‘அன்னம்’ என்றால் இருபது. சொல் காதில் விழுந்தால் கை தானாகப் போகும், வாய் தானாக எண்ணும். அதனாலேயே அவள் மாமனார் இரண்டு கட்டுப்பாடு வைத்திருந்தார். எந்தச் சொல்லின் முடிவிலும் இழுப்பவள் ‘சிவ’ என்பாள், நெய்பவன் ‘சிவ’ என்று பதில் கொடுப்பான், இருவரும் கையை விடுவார்கள். அடுத்தது, புதுச் சொல்லுக்குள் பழைய சொல் வரலாம். பழைய சொல்லுக்குள் புதுச் சொல்லை நுழைக்கவே கூடாது.

கைலாசம் இரண்டையும் மீறியிருந்தான்.

“தேருன்னா முதல்ல கொடி, அப்புறம் அன்னம். அன்னம் முடிஞ்சா சிவ கிடையாது, மறுபடி தேரு. அவ்ளோதான். வாட்டிக்கு வாட்டி நான் கத்த வேணாம், பாப்பாவும் முழிச்சிக்காது. வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்குப் பொடவைய அறுத்துக் குடுக்கணும் வடிவு.”

“அப்ப எப்பதான் நிக்கிறது?”

“நான் நிறுத்தச் சொல்லும்போது.”

“சொல்லாம போனா?”

“ஏன், என் வாய்ல இன்னா கொழுக்கட்டையா இருக்குது?” என்று சிரித்தான்.

மூன்று நாளாக அரிசி களையும்போதும் நாடாவுக்குத் தார் நூல் சுற்றும்போதும் அந்தப் புது வரிசையை அவளுக்குப் பாடம் பண்ண வைத்திருந்தான். இனி மறக்கவும் முடியாது. அவள் கயிறுகளில் கை வைத்தாள்.

“தேர்,” என்றான்.

ஐப்பசி மழை ஓட்டின்மேல் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானத்திலேயே வீடு இருண்டு, ஈரப் பட்டின் வாடையும் கஞ்சிப் பசையின் புளிப்பும் தறியைச் சுற்றித் தேங்கி நிற்க, ஊடுநூலைச் சுமந்த நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் சத்தத்துக்கு நடுவே அவளுடைய சொந்தக் குரல், ரெண்டு விடு, மூணு எடு, ஒண்ணு விடு என்று வேறு யாரோ எண்ணுவதைப்போலச் சீராக ஒலித்தது. நன்றாகத்தான் போயிற்று. முதல் அன்னம் விழுந்தது. கழுத்து வளைவு கூடப் பிசகவில்லை.

ஆறாவது அன்னத்தில் தோள் கடுத்தது. பத்தாவதில், கொஞ்சம் நிறுத்தலாமே என்று சொல்ல நினைத்தாள். வாயில் வந்தது, “ரெண்டு விடு.”

பயந்துபோய்க் கையை உதற நினைத்தாள். கை அடுத்த கயிற்றைப் பிடித்தது.

அன்னம் முடிந்து தேர் தொடங்கும் இடத்தில், முன்பு ‘சிவ’ இருந்த இடத்தில், ஒரு மூச்சு அளவு இடைவெளி மிச்சமிருந்தது. அதற்காகக் காத்திருந்தாள். வந்ததும், “சிவ!” என்றாள்.

கைலாசம் பதில் சொல்லவில்லை. தலை குனிந்திருந்தது. அவள் எண்ணுவதையே அவன் உதடுகளும் எண்ணிக்கொண்டிருந்தன.

நாடாவில் தார் நூல் தீர்ந்தது. இப்போது நிறுத்தித்தான் ஆகவேண்டும், வேறு தார் மாட்டவேண்டும் என்று அவளுக்கு உயிர் வந்தது. அவன் நிறுத்தவில்லை. வெறும் நாடா ஓடியது. இழைகள் எழுந்தன, இறங்கின, நடுவே நூலே இல்லை. துணி ஒரு விரற்கடைகூட வளரவில்லை. தறி நெய்துகொண்டே இருந்தது.

தூளியில் குழந்தை அழத் தொடங்கியது.

மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்தது. மூணு எடு. அழுகை ஏறியது, கம்மியது, மறுபடி வீறிட்டது. ஒண்ணு விடு. ஒவ்வொரு இடைவெளியிலும் ‘சிவ’ என்றாள். அவன் எண்ணிக்கொண்டே இருந்தான்.

தெருக்கதவு திறந்தது. அடுத்த வீட்டு எல்லம்மாள், தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தாள். அவளும் பத்து வருடமாக அடைக் கயிறு இழுப்பவள்தான்.

“ஏன்டி வடிவு, கொழந்த தொண்ட கிழியுது, ரெண்டு பேரும் இன்னா செவிடாயிட்டீங்களா? அப்படி இன்னாடி அவசரம்?”

உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கி வந்து, தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். அழுகை அடங்கியது. வடிவாம்பாளின் கண்ணில் நீர் வழிந்தது. அப்பாடா. அக்கா வந்துவிட்டாள். அக்கா கைலாசத்தைப் பிடித்து உலுக்குவாள்.

“மத்தியானத்துலேர்ந்து சொவுத்துக்கு அந்தாண்ட கேட்டுக்கினே இருக்குது,” என்றாள் எல்லம்மாள். “புதுச் சொல்லா? நல்லாத்தான்...”

பாதியில் நின்றாள்.

குழந்தையின் முதுகைத் தட்டிய விரல்கள் மாறின. ரெண்டு தட்டு. நிறுத்தம். மூணு தட்டு.

வேண்டாம் அக்கா. கேட்காதே. வெளியே போ.

“ஒண்ணு விடு,” என்றது வடிவாம்பாளின் வாய்.

“ஒண்ணு விடு,” என்றாள் எல்லம்மாள்.

குனிந்து குழந்தையைத் தரையில் விட்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். எதிர்ப்பக்கம் வந்து நின்றாள். கயிறுகளைப் பிடித்தாள்.

மூன்று வாய். ஒரே எண்ணிக்கை.

குழந்தை கவிழ்ந்து படுத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தது. தறிக்குழிக்குள் கைலாசத்தின் காலடியில் மிதிக்கட்டைகள் ஏறின, இறங்கின. ஏறின. இறங்கின. ஆடும் பொருளைக் கண்ட சந்தோஷத்தில் அது சிரித்தது. ஒரு கையை ஊன்றியது. மறு கை.

நாலு எடு. ஒண்ணு விடு.

முழங்கால்.

அன்னத்தின் அலகு. வால். கடைசி இழுப்பு.

குழியின் விளிம்பில் குட்டி விரல்கள்.

இடைவெளி வந்தது. ஒரு மூச்சு.

“ஏங்க, காலை நிறுத்துங்க, பாப்பா குழிக்கிட்ட வந்துடுச்சுங்க!” என்று, ‘சிவ’வுக்குப் பதிலாக, வடிவாம்பாள் கத்தினாள்.