ஆபீஸ் டம்மி

"முதல்ல எழுந்திருங்க. யார் உங்களை அதுல உட்காரச் சொன்னா?"

வசுமதி குடையைக்கூட இன்னும் மடக்கவில்லை. நவி மும்பை வாஷியில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் பின்பக்க ஷெட். தகரக் கூரையில் மழை கொட்டடித்துக்கொண்டிருந்தது. ராணுவ வீரர்களை ஏற்றிச் செல்லும் கவச வண்டி ஒன்றை அங்கே வடிவமைக்கிறார்கள். இரும்பில் செய்வதற்கு முன், ஆட்கள் உட்கார இடம் போதுமா என்று பார்க்க, பிளைவுட்டில் அதே அளவுக்கு ஒரு மாதிரி வண்டி. உள்ளே எதிரும் புதிருமாக இருக்கைகள். அதில் ஒன்றில் சாவகாசமாக வடாபாவ் தின்றுகொண்டிருந்தான் அவன்.

"உடைஞ்சா யார் பதில் சொல்றது?"

"உடையாது மேடம்... நாந்தான் செஞ்சேன்."

கண்ணில் மட்டும் சிரித்தான். மழையில் நனைந்த மாதிரி இருந்தன அந்தக் கண்கள்... கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் குடையை மடக்கினாள்.

அவன் மாரீஸ்வரன். தாராவித் தச்சன். அவள், இருக்கைகளை வரையும் இன்ஜினியர். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் வீட்டுப் பெண். அன்று மாதிரி வண்டியில் உட்கார்ந்து காட்ட வேண்டிய ஆள், மழையில் ரயில் நின்றுபோனதால் வரவில்லை. இவனுக்கோ ஜவானுக்குரிய உயரம். கொஞ்சம் இருங்களேன் என்றாள். இருந்தான்.

எதிர் இருக்கையில் உட்கார்ந்து அளவெடுத்தாள். முழங்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே ஒரு சாண்... வண்டி குலுங்கினால் இடிக்கும் என்று குறித்துக்கொண்டாள். பிளைவுட் வண்டி எங்கே குலுங்கப்போகிறது? குலுங்கியது அவள்தான்.

"காலைத் தரையில வைக்காதீங்க. அந்தக் கம்பி மேல வைங்க."

"ஏன், தரை சுடுமா?"

"அடியில கண்ணிவெடி வெடிச்சா அதிர்ச்சி தரை வழியாத்தான் வரும். கால் தரையில இருந்தா முதுகெலும்பு வரைக்கும் ஏறிடும். அதனாலதான் சீட்டைக்கூட கூரையிலேர்ந்து தொங்க விட்டிருக்கோம்."

"அதை எப்படித் தெரிஞ்சிக்கிடுவீய? ஆளை உக்கார வச்சு வெடிப்பீயளா?"

"டம்மியை வெச்சு. மனுஷ உருவத்துல ஒரு பொம்மை. உள்ள முழுக்க சென்சார். எங்க, எவ்வளவு வலிச்சிருக்கும்னு அது சொல்லும்."

"அச்சா... அப்ப நான் யாரு?"

"நீங்க ஆபீஸ் டம்மி."

உதவாக்கரைக்கும் நம்மிடையே அதே பெயர்தான் என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அப்படிச் சிரித்தார்கள்.

அந்த மழைக்காலம் முழுக்க அளவுகள் மாறிக்கொண்டே இருந்தன. பத்துப் பேர் உட்கார வேண்டும் என்பார்கள். எடை கூடுகிறது, எட்டுப் பேர் போதும் என்பார்கள். ஒவ்வொரு முறையும் மாரி வந்து இருக்கைகளைக் கழற்றிப் பூட்டினான். "டம்மி ஆஜர்" என்பான். மேடம் வசுமதியானாள்... வசுமதி வசுவானாள். குர்லாவில் ரயில் மாறி, சயானில் அவன் இறங்கும்வரை பேச்சு ஓயாது. அவன் இறங்கியபின் மாட்டுங்கா வரைக்கும் அவளுக்குத் தூரம் அதிகமாகத் தெரிந்தது.

அப்புறம், கம்பெனியில் வீட்டாரை அழைத்துச் சுற்றிக்காட்டும் நாள் வந்தது. அவள் அப்பா பத்ரிநாராயணனும் வந்தார். யாரைப் பார்த்தாலும் 'நம்மவாளா?' என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. மாதிரி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். எதிரெதிரே மகளும் யாரோ ஒருவனும், ஏதோ சொல்லிச் சிரித்தபடி.

"யாருடி இது?"

இதைச் செய்தவர். என் சிநேகிதர். எனக்குப் பிடித்தவர்... எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. அப்பாவின் பார்வை அவன் சட்டையில் படிந்திருந்த மரத்தூளில் நின்றது.

"ஒண்ணுமில்லேப்பா. ஆபீஸ் டம்மி."

"அதானே பார்த்தேன்" என்று அவர் சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்; தவளையாவது மழைக்காகக் கத்துகிறது, இவள் எதற்காகச் சிரித்தாள்?

மாரி கம்பி மேலிருந்த காலை எடுத்துத் தரையில் வைத்தான்.

அதன்பிறகு அவன் போனை எடுக்கவில்லை. வடிவம் முடிவாகி, மாதிரி வண்டியைப் பிரிக்கச் சொன்ன அன்றுதான் ஷெட்டுக்கு வந்தான். அன்றும் மழை. வசுமதி ஓடினாள்.

"மன்னிச்சிடுங்க மாரி. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

திருகிக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்பாவுக்கு போன் போடுங்க. அன்னைக்கி எதுத்தாப்புல உக்காந்திருந்தது யாருன்னு சொல்லுங்க. கட்டி வைக்கவா கேக்கேன்? யாருன்னு மட்டும்."

போட்டாள். மணி அடித்தது. "சொல்லும்மா" என்றார் அப்பா. மாரியின் கண்கள் முதல் நாள் போலவே நனைந்திருந்தன. சிரிப்பு மட்டும் இல்லை. காத்திருந்தான். சொல்லிவிடு வசுமதி... ஒரு பெயர்தானே, சொல்லிவிடு...

"ஒண்ணுமில்லேப்பா... மழை. வர லேட்டாகும்."

மாரி திரும்பிக்கொண்டான். கடைசித் திருகாணியும் கழன்று, இருக்கை கையோடு வந்தது. அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசல்வரை போனவன் நின்றான்.

"டம்மிக்கு உள்ள முழுக்க சென்சார்னு நீங்கதான மேடம் சொன்னீய. எங்க, எவ்வளவு வலிச்சுதுன்னு அது சொல்லும்னு."

"மாரி..."

"சொல்லிட்டே போறேன். எனக்கும் உங்களைப் பிடிச்சிருந்துச்சி."