நோயாளியுடன் இருப்பவர்

"அந்தம்மாவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லு யுவஸ்ரீ, வெளிச்சத்தை மறைக்கிறாங்க" என்றார் டாக்டர் அறிவுமதி, கைப்பேசித் திரைக்குள்ளிருந்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டே.

யுவஸ்ரீ நிமிர்ந்து பார்த்தாள். அறையில் கட்டில் இருந்தது, கட்டிலில் குணசீலன் கிடந்தார். வேறு யாரும் இல்லை. சன்னல் திரைச்சீலை மட்டும் காற்றுக்கு உப்புவதும் அடங்குவதுமாக இருந்தது. அதைத்தான் டாக்டர் ஆள் என்று எண்ணிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, அவள் திரைச்சீலையை ஒதுக்கிச் சன்னல் கம்பியில் சொருகினாள்.

"ஆங், இப்பத் தெரியுது" என்றார் டாக்டர். பிறகு அவளைப் பார்க்காமல், அவள் தோளுக்கு அப்பால் பார்த்து, "தேங்க்ஸுங்கம்மா" என்றார்.

நெட்வொர்க் இழுத்திருக்கும், பேச்சு முன்பின்னாக வந்திருக்கும் என்று அன்றைக்கு அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அந்தக் கைப்பேசி மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. நாமக்கல்லில் அவள் வேலை பார்த்த மருத்துவமனை, படுக்கையில் கிடக்கிறவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்சுகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்திருந்தது. விரலில் மாட்டும் கருவியிலிருந்து ஆக்சிஜன் அளவு நேராக அதற்குள் போகும், அங்கிருந்து டாக்டருக்குப் போகும். அளவு குறைந்தால் டாக்டரே கூப்பிடுவார். சென்ற மாதம் எருமப்பட்டியில் ஓர் அம்மாளின் காலை எடுக்காமல் தப்பவைத்தது, யுவஸ்ரீ அதில் பிடித்து அனுப்பிய ஒரு புகைப்படம்தான். முன்பெல்லாம் ஆம்புலன்ஸ் பிடித்து நாமக்கல் போய்ச் சேர்வதற்குள் புண் முற்றிவிடும். இப்போது ஸ்கூட்டியில் கைப்பேசியோடு போனால், டாக்டரையே கூட்டிக்கொண்டு போவது மாதிரிதான்.

குணசீலன் ரிக் லாரி வைத்து வடக்கே ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலைக்குப் போன ஏதோ ஓர் ஊரில் பக்கவாதம் வந்து, வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. தங்கை வசந்தாமணிதான் எருமப்பட்டியைத் தாண்டியிருந்த தன் கோழிப்பண்ணை வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்துப் பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் நீள நீளமான கொட்டகைகள். ஆயிரக்கணக்கான கோழிகளின் கொக்கரிப்பு ஓயாத மழைபோல அந்த அறைக்குள் பெய்துகொண்டே இருக்கும். தீவன மாவின் வாடையும் எச்சத்தின் காரமும் சேர்ந்து தொண்டையில் ஒட்டும்.

அடுத்த முறை போனபோது அவருக்கு உடம்பு துடைத்துவிட்டாள். இரண்டு குதிகாலையும் வெந்நீரில் கழுவி, ஈரம் போக ஒற்றி, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூப்போல இருந்தன. பிறகுதான் டாக்டரை அழைத்தாள்.

டாக்டர் அவளிடம் கேட்கவேண்டியதைக் கேட்டார். கேட்டு முடித்ததும் பார்வையை அவளிடமிருந்து விலக்கினார். சுவரோரமாக, கட்டிலின் வலப்பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினார். யாரோ விவரமாகச் சொல்வதைக் கேட்கிறவர் முகம் அது.

"வலது குதிகால்ல புண்ணு வந்திருக்குன்னு அம்மா சொல்றாங்களே. நீ பாக்கலையா?"

யுவஸ்ரீ போர்வையை விலக்கினாள். சற்றுமுன் துடைத்த அதே குதிகாலில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் உரிந்து, சிவந்து நீர் கசிந்தது.

டாக்டர் மருந்து சொன்னார். கூட இருப்பவர்கள் இப்படிக் கவனமாக இருந்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி என்று பாராட்டவும் செய்தார். யுவஸ்ரீ கட்டுப் போட்டாள். குணசீலன் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். விடவில்லை. கண்கள் மட்டும் சுவர்ப் பக்கம் போகாமல் அவள் முகத்திலேயே நின்றன.

போகும்போது, முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த வசந்தாமணியிடம், அண்ணனுக்குத் துணையாக வேறு யாராவது பெண்பிள்ளை வருகிறார்களா என்று கேட்டாள்.

"ஆருங்க வாரது? இந்த ஊட்டுல நானும் அண்ணனுந்தானுங்க சாமி" என்றார் வசந்தாமணி. ஓர் அட்டையை அடுக்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வடக்க இருந்து கூட்டியாந்த நாள்ல இருந்து அண்ணன் அந்தச் செவுத்துப் பக்கம் மட்டும் திரும்பவே மாட்டீங்கறாருங்க. கட்டலை மாத்திப் போட்டும் பாத்துட்டேன். எப்படிப் போட்டாலும் வலப்பக்கம் ஆவறதில்லைங்க."

மூன்றாம் முறை, வசந்தாமணி கொடுத்த ராகிக் கூழை யுவஸ்ரீயே கரண்டியால் ஊட்டினாள். நன்றாக விழுங்கினார். போதுமா என்று கேட்டதற்கு இன்னும் வேண்டும் என்று கண்ணால் சொன்னார். அந்தச் சந்தோஷத்தோடுதான் அழைப்பைப் போட்டாள்.

டாக்டர் அப்பால் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்படீங்களா... எப்ப இருந்துங்க?" என்றார். பிறகு அவளிடம், "அவருக்கு முழுங்க முடியலையாமே யுவஸ்ரீ."

இல்லைங்க மேடம் என்று அவள் மறுத்தாள். இதோ பாருங்கள் என்று ஒரு கரண்டித் தண்ணீரை அவர் வாயில் விட்டாள். தண்ணீர் அப்படியே கடைவாய் வழியாக வெளியே வழிந்தது. அவருக்குப் புரையேறியது. முகம் கறுத்து, மார்பு எக்கி, இடது கை காற்றைப் பிராண்டியது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நடந்ததை அந்த அம்மா சொல்லவில்லை. அந்த அம்மா சொல்வது நடக்கிறது.

அதன்பின் அவளுக்குத் தூக்கமில்லை. டாக்டரிடம் சொல்லிவிடலாமா என்று மாற்றி மாற்றி யோசித்தாள். என்னவென்று சொல்வது? நீங்கள் பேசுகிற ஆள் அங்கே இல்லை என்றா? டாக்டருக்குப் பைத்தியம் என்று ஆகும், இல்லையென்றால் தனக்கு என்று ஆகும். வேறொருத்தியை அனுப்பச் சொல்லலாம். ஆனால் குணசீலன் மணிக்கட்டைப் பிடித்த பிடி அவளை விடவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். போவாள், பார்ப்பாள். அந்த அறையிலிருந்து மட்டும் டாக்டரை அழைக்க மாட்டாள்.

நான்காம் முறை போகும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கொல்லிமலை கருநீலமாக இறங்கி நின்றது. வசந்தாமணி முட்டை லாரிக்குச் சரக்கு ஏற்றக் கடைசிக் கொட்டகையில் இருந்தார். உணவுக்காக மூக்கு வழியாகப் போட்டிருந்த குழாயோடு குணசீலன் இளைத்துப் போய்க் கிடந்தார். மூச்சு கரகரத்தது. யுவஸ்ரீ அவர் விரலில் கருவியை மாட்டினாள். எண் ஏறவில்லை. இறங்கிக்கொண்டே வந்தது.

உடனே கைப்பேசி அடித்தது. டாக்டர்தான். அளவு குறைந்தால் அவரே கூப்பிடுவார்.

எடுக்காமல் இருக்க முடியவில்லை. குணசீலன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். படம் வராமல், குரல் மட்டும் வரும்படி எடுத்தாள். தலைமாட்டை உயர்த்தச் சொன்னார் டாக்டர். சளியை உறிஞ்சச் சொன்னார். அவள் செய்தாள். எண் கொஞ்சம் நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. நல்லாக் கேக்குது" என்றார் டாக்டர்.

"மேடம், இங்க யாருமே இல்லைங்க மேடம்." அவள் குரல் உடைந்தது. "நீங்க பாத்த அன்னைக்கும் யாரும் இல்லைங்க."

யுவஸ்ரீ படத்தைப் போட்டாள். கைப்பேசியை நீட்டிப் பிடித்து மெதுவாகச் சுற்றிக் காட்டினாள். சன்னல். அலமாரி. கதவு. சுவர். பாருங்க மேடம், நல்லாப் பாருங்க என்று கெஞ்சினாள்.

டாக்டரின் நெற்றி சுருங்கியது. "ஏன் யுவஸ்ரீ, அவங்க மூஞ்சிக்கு நேராப் போனை நீட்டறே?"

பின்னால் கோழிகளின் சத்தம் நின்றது. மொத்தமாக. ஒரு கோழிகூடக் கொக்கரிக்கவில்லை. குணசீலனின் கரகரத்த மூச்சு மட்டும் கேட்டது.

டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். தலையாட்டினார். அவர் முகத்தில் கவலை வந்தது.

"நீ நாலு நாளாத் தூங்கலையாமே. தலை சுத்துதாமே."

தலை சுற்றியது. யுவஸ்ரீ கட்டில் காலைப் பிடித்தாள்.

"இல்லைங்க மேடம். நான் நல்லா..."

"வலது கை மரத்துப் போச்சுங்களா?" டாக்டர் அவளிடம் கேட்கவில்லை.

கைப்பேசி நழுவியது. கட்டிலடியில் விழுந்து, கட்டில் காலில் சாய்ந்து, திரை அவளைப் பார்த்து நின்றது. அவளும் விழுந்தாள். தரை சில்லென்றிருந்தது. கை வரவில்லை. கால் வரவில்லை. மேலே குணசீலன் விம்முவது கேட்டது. முதல் தடவையாக அவர் தலை சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. அந்தப் பக்கத்தில் அவருக்குப் பயப்பட இப்போது எதுவும் இல்லை போல.

அழைப்பைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதும். இடது கையை நகர்த்தினாள். எட்டவில்லை.

"பேச்சு வருதுங்களா?" என்றார் டாக்டர்.

பதிலுக்குக் காத்திருந்தார்.

யுவஸ்ரீ கத்தினாள். வரும் மேடம், எனக்குப் பேச்சு வரும். கத்தினாள். வாய் கோணியது. காற்று வந்தது. சொல் வரவில்லை.

"சரிங்கம்மா. புரியுதுங்க. பயப்படாதீங்க, ஆம்புலன்ஸ் அனுப்பறேன்." டாக்டரின் குரல் அவ்வளவு கனிவாக இருந்தது. "வார வரைக்கும் நீங்க அவ பக்கத்துலயே இருங்க. எங்கயும் போயிடாதீங்க."

திரை இருண்டது.

யுவஸ்ரீ கண்ணைத் திருப்பவில்லை. வலப்பக்கம் தரையில் யாரோ உட்காரும் சேலைச் சரசரப்பு. முழங்கால் மடங்கும் சத்தம். பிறகு, ஈரமான ஒரு முந்தானை நுனி, வெகுநாள் பழகிய கைபோல, அவள் கடைவாயில் வழிந்த எச்சிலை மெல்லத் துடைத்துவிட்டது.