அங்க அடையாளம்

மற்ற வரிகளின் மையெல்லாம் பழுப்பேறிக் காய்ந்து கிடக்க, அந்த ஒரு வரி மட்டும் அவள் விரலில் ஒட்டியது.

வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளப் பதிவேடு. எண், உயரம், மார்பளவு, அங்க அடையாளம் என்று கட்டம் கட்டமாக எழுதியிருந்தார்கள். ஒட்டிய வரி அவள் கணவனின் கொள்ளுத்தாத்தாவுடையது. அங்க அடையாளக் கட்டம் காலி. கடைசிக் கட்டத்தில், 'தப்பியோடினான். இடம் நிரப்பப்பட வேண்டும்.'

இந்தப் பதிவறைக்குள் பேனாவே கூடாது. வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு பென்சில்தான் தருகிறார்கள். பிறகு ஈர மை எங்கிருந்து வந்தது? பூட்டிய சன்னல்களுக்கும் பழைய காகிதத் தூசிக்கும் ஊடே, மழையில் நனைந்த தோல் பூட்ஸின் வாடை மெல்ல எழுந்து வந்தது. ஒன்பது நாளாக அவள் வீட்டிலும் அதே வாடைதான்.

அந்த வாடை வந்தால் அந்தக் குடும்பத்தில் ஒரு பையன் போய்விடுவான். கணவனின் சித்தப்பா போனார். பிறகு கணவனின் அண்ணன். இருவருக்கும் அப்போது வயது பத்தொன்பது. ஓடிப்போய்விட்டார்கள் என்று சொல்லி எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். கணவனோ, பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான்.

அவளுடைய மகன் பூசணிக்கு இப்போது பத்தொன்பது. ஆள் ஒல்லிக்குச்சிதான். குழந்தையில் கொழுகொழுவென்று இருந்தபோது வைத்த பெயர். ஒன்பது நாளாகத் தூக்கத்தில் அவன் குதிகால்கள் இடது, வலது, இடது என்று சுவரை உதைக்கின்றன.

"இந்தப் பேரை அடிக்க வழியே இல்லையாங்க?"

பதிவறைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அடிக்க முடியாதும்மா. செத்துட்டார்னு வாரிசு எழுதிக் குடுத்தா, கணக்கு முடிஞ்சதுன்னு குறிப்பு சேர்க்கலாம். சீக்கிரம், நாலு மணிக்குப் பூட்டிடுவேன்."

பத்து நிமிஷம்தான் இருந்தது. படிவம் என்றால் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒண்ணாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை பூசணிக்காக எழுதாத படிவமா? எண், உறவு, அங்க அடையாளம் ஒன்று, இரண்டு. கை தன்பாட்டுக்கு ஓடியது.

வலது காதுக்குக் கீழே ஒரு மச்சம். இடது முழங்காலில் ஒரு தழும்பு.

எழுதி முடித்த பிறகுதான் படித்தாள். இரண்டும் பூசணியின் அடையாளங்கள். பென்சில்தானே, பென்சில்தானே என்று முனகிக்கொண்டே ரப்பரால் தாள் கிழியும்வரை தேய்த்தாள். ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை. அப்பாடா என்று நிமிர்ந்தாள்.

பதிவேட்டின் காலிக் கட்டம் நிறைந்திருந்தது. மச்சம். தழும்பு. மை பளபளத்தது. கடைசிக் கட்டத்தில், 'இடம் நிரப்பப்பட்டது.'

எச்சில் தொட்டுத் தேய்த்தாள். நகத்தால் சுரண்டினாள்.

"என்னம்மா பண்றீங்க! விடுங்க!"

வெளியே ஓடி மகனுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"பூசணி, கதவைப் பூட்டிக்கோடா. யார் வந்தாலும் தொறக்காதே!"

"வந்துட்டாங்கம்மா. உயரம் அளக்கணுமாம்."

"யாருடா?"

"தெரியலை. நீதான் எழுதிக் குடுத்தேன்னு சொல்றாங்க."

அதற்குமேல் சத்தமே இல்லை.

எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வெயில் இன்னும் வாசலில் கிடந்தது. கதவு திறந்திருந்தது. நிலைப்படியில், வருஷா வருஷம் அவன் பிறந்தநாளுக்கு அவள் பென்சிலால் போட்ட உயரக் கோடுகள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புதுக்கோடு. மையால். ஈரமாக.

தோல் வாடை. உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை.

கூடத்தில் மூன்று பேர் சுவரைப் பார்த்து நின்றார்கள். உயர வரிசையில். முதலில் சித்தப்பா. அடுத்து அண்ணன். பக்கவாட்டில் தெரிந்த முகங்களில், சுவர்ப் படங்களில் இருந்த அதே பத்தொன்பது வயது. கடைசியில் அரைக்கால் சட்டையோடு பூசணி. குதிகால்கள் ஒட்டியிருந்தன.

"பூசணி!"

திரும்பவில்லை. வலது காதுக்குக் கீழே பார்த்தாள். மச்சம் இல்லை. வழவழவென்ற வெறும் தோல்.

"என்னை எடுத்துக்கோங்க! நான்தான் தப்பா எழுதிட்டேன். அவன் இல்லை!"

யாரும் கேட்கவில்லை. கீழே விழுந்து அவன் இடது காலைக் கட்டிக்கொண்டாள். முழங்காலில் கன்னத்தை வைத்துத் தேடினாள். தழும்பும் இல்லை. சில்லென்றிருந்தது கால்.

எங்கிருந்தோ ஒரு கட்டளை.

மூன்று இடது கால்களும் ஒன்றாக உயர்ந்தன. அவள் கட்டியிருந்த கால், அவளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு.