நனையக் கூடாத கருவி

அந்தத் தெருவில் எல்லோருக்கும் பொதுவாக ஓர் அக்கா இருந்தாள். அவளை யாரும் பார்த்ததில்லை. தெருமுனைக் கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியிலிருந்து அவள் குரல் மட்டும் வரும்.

"கால்வாயில் தண்ணீர் மட்டம் இயல்பாக உள்ளது. நிம்மதியாக இருங்கள்."

காலை, மதியம், மாலை என்று தவறாமல் சொல்வாள். குரலில் தேன் ஒழுகும். அதனால் அவளுக்கு நிம்மதி அக்கா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வீடுகளுக்குப் பின்னால்தான் கால்வாய் ஓடியது. ஆனால் நடுவே உயரமான மதில்; அதன் அடியில் மழைநீர் வடிய ஒரு துளை மட்டும் உண்டு. எட்டிப் பார்க்க ஏணி வேண்டும். நிம்மதி அக்கா இருக்கும்போது ஏணியை யார் தேடப் போகிறார்கள்?

திருப்புளியும் தேடியதில்லை. திருப்புளி, அதாவது ஸ்க்ரூடிரைவர், என்பது நம் கதைப் பெண்ணின் பட்டப்பெயர். கையில் எது கிடைத்தாலும் கழற்றிப் பார்ப்பாள். பெரும்பாலும் திரும்ப மாட்டியும் விடுவாள். மிச்சமாகிப் போகும் திருகாணிகளைப் பற்றி மட்டும் அவளிடம் கேட்கக் கூடாது.

அவள் அம்மா வீட்டின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்தினார். தெருவிலிருந்து நான்கைந்து படி கீழே இறங்க வேண்டிய பெரிய அறை அது. மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லாக் குழந்தைகளும் வரிசையாக மெத்தைகளில் தூங்கும். அவர்களில் ஒருவன் தூங்குமூஞ்சி. வயது இரண்டு. காதருகே பாத்திரத்தை உருட்டினாலும் அசைய மாட்டான்.

ஒரு விடுமுறை நாள் மதியம். மழையில்லை, காற்றில்லை. திருப்புளி கீழே இறங்கியபோது கால் சில்லென்றது. தரையெல்லாம் தண்ணீர்!

"அம்மா!" என்று கத்தினாள்.

அம்மா இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று என்று குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினார். திருப்புளியும் ஓடினாள். தண்ணீர் முழங்கால்வரை வந்துவிட்டது. குழந்தைகளுக்கோ ஒரே கொண்டாட்டம். கைதட்டித் தண்ணீரை அடித்தார்கள்.

"தூங்குமூஞ்சி எங்க?" என்றார் அம்மா திடீரென்று.

அவன் மெத்தை மிதந்து மிதந்து மூலைக்குப் போயிருந்தது. அதன்மேல் அவன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா பாய்ந்து போய் அவனை வாரி எடுத்தார். மெத்தை கவிழ்ந்திருந்தால்? அதை நினைக்கவே திருப்புளிக்குப் பயமாக இருந்தது.

"கால்வாயில் தண்ணீர் மட்டம் இயல்பாக உள்ளது. நிம்மதியாக இருங்கள்" என்றாள் அக்கா வெளியே.

மறுநாள் அம்மாவும் திருப்புளியும் தெருமுனையில் இருந்த கால்வாய் அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரி மிகவும் மரியாதையானவர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"தண்ணி வந்திருக்காதும்மா" என்றார்.

"வந்துச்சு சார். என் முழங்கால் வரைக்கும் வந்துச்சு."

"எங்க கருவி அப்படிச் சொல்லலையே. அது பொய் சொல்லாது."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"சேச்சே! நீங்க வேற எங்கயாவது நனைஞ்சிருப்பீங்க."

திருப்புளி மெதுவாகக் கேட்டாள். "சார், அந்தக் கருவி கால்வாய்ல எந்த இடத்துல இருக்கு?"

"கால்வாய்லயா?" அதிகாரி பதறிப்போனார். "அங்க வெச்சா நனைஞ்சிடாதா பாப்பா?"

அவர் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதன் கீழ்த்தட்டில், வெல்வெட் துணிமேல், பளபளவென்று ஒரு வெள்ளைப் பெட்டி. அதில் ஒரு பச்சை விளக்கு.

"முதல்ல வாங்குனத கால்வாய்லதான் வெச்சோம்" என்று அதிகாரி விளக்கினார். "ஒரே மாசத்துல ரிப்பேர். கம்பெனிக்காரர் வந்து பாத்துட்டு, 'நனைச்சுட்டீங்களே, நனைஞ்சா வாரண்டி கிடையாது'ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அதனால இத கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கறோம். இதுவரைக்கும் ஒரு சொட்டு பட்டதில்ல."

திருப்புளி அலமாரியை உற்றுப் பார்த்தாள். பாவம், கருவிமேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அலமாரிக்குள் தண்ணீர் இல்லை என்பதை அது ராப்பகலாகக் கண்காணித்து, நிம்மதி அக்காவின் குரலில் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.

"திறந்து பாக்கலாமா சார்?"

"தொடாத! சீல் வெச்சது. நாங்களே திறக்கக் கூடாது. உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்கே தெரியாது" என்றார் அதிகாரி பெருமையாக.

"அப்ப கம்பெனிகிட்ட சொல்லி, நனையற மாதிரி ஒண்ணு கேளுங்களேன்" என்றார் அம்மா.

"மேலிடத்துல பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க."

"எப்பலேருந்து?"

"நான் இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியிலேருந்து."

வீட்டு வாசலுக்கு வந்ததும் அம்மா சொன்னார். "இனிமே எந்த தைரியத்துல பிள்ளைங்கள தூங்க வெப்பேன்? காப்பகத்த மூடிடலாம்னு பாக்கறேன்."

அந்தக் குழந்தைகளின் சத்தம் இல்லாத வீட்டைத் திருப்புளியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அன்று மாலை அவள் நூலகக் கணினியில் தேடினாள். வெள்ள எச்சரிக்கைக் கருவிகள் நிறைய இருந்தன. எல்லாம் பூட்டிய பெட்டிகள். கடைசியில் ஒரு பக்கம் கிடைத்தது. யாரோ எங்கோ உட்கார்ந்து, ஒரு மிதவைக் கருவியைச் செய்வது எப்படி என்று ஒவ்வொரு பாகமாகப் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். மேலே பெரிய எழுத்தில், 'யார் வேண்டுமானாலும் செய்யலாம், மாற்றலாம். கோளாறு இருந்தால் இங்கேயே சொல்லுங்கள்' என்றிருந்தது.

தேவையானவை மிதக்கும் பந்து, கயிறு, சுவிட்சு, ஒயர், அழைப்பு மணி. பந்து எங்கே கிடைக்கும்? திருப்புளி யோசித்தாள். பிறகு குளியலறைக்குள் போனாள்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் குரல் வீட்டையே தூக்கியது. "கக்கூஸ் தொட்டி ஏன் வழியுது? உள்ள இருந்த பந்து எங்கடீ?"

வாசல் அழைப்பு மணியும் காணாமல் போயிருந்தது. குருவிபோல் கிறீச்சிடும் மணி அது. வீட்டுக்கு வந்தவர்கள் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டியதாயிற்று.

பக்கத்துக் கடைத் தையல்கார மாமா ஏணி கொடுத்தார். பந்து கால்வாய்க்குள் இறங்கியது. மணி காப்பகத்துச் சுவரில் ஏறியது. தண்ணீர் உயர்ந்தால் பந்து உயரும், கயிறு தொய்யும், சுவிட்சு விழும், குருவி கத்தும்.

மறுநாளே குருவி கத்தியது. தெருவே ஓடிவந்தது. தையல்கார மாமா கழுத்தில் அளவு நாடாவும் இரண்டு கையிலும் இரண்டு குழந்தைகளுமாக மாடிக்கு ஏறினார். அம்மா ஏணியில் ஏறிப் பார்த்தார். கால்வாயில் தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை. ஒரு காக்கா பந்தைக் கொத்திக் கொத்தி மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

"இதுக்கு நிம்மதி அக்காவே தேவலாம்" என்று முணுமுணுத்தபடி எல்லோரும் கலைந்தார்கள். ஓடிவந்த அவசரத்தில் மாமா தைத்துக்கொண்டிருந்த சட்டையில் கையைத் தலைகீழாக வைத்துவிட்டாராம். அந்தக் கோபம் அவருக்கு.

திருப்புளிக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் நூலகத்துக்குப் போய், 'காக்கா பந்தைத் தூக்கிவிட்டது' என்று அந்தப் பக்கத்தில் மறைக்காமல் எழுதினாள். சிரிப்பார்கள் என்றுதான் நினைத்தாள்.

மறுநாள் பதில் வந்திருந்தது. முகம் தெரியாத யாரோ எழுதியிருந்தார். 'எங்கள் ஊரில் இதே வேலையைக் கொக்கு செய்தது! பந்தைக் குழாய்க்குள் போடுங்கள். அதோடு, பந்தின்மேல் நீளமான குச்சி ஒன்றை நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டுங்கள். தண்ணீர் ஏறினால் துணி மதிலுக்கு மேலே தெரியும். காதை நம்பாதவர்கள் கண்ணை நம்புவார்கள்.'

குழாயும் குச்சியும் கிடைத்துவிட்டன. சிவப்புத் துணிதான் கிடைக்கவில்லை. காப்பகத்துக் கொடியில் தூங்குமூஞ்சியின் சிவப்பு டவுசர் காய்ந்துகொண்டிருந்தது. அவனிடம் அனுமதி கேட்டாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். சரி என்று எடுத்துக்கொண்டாள்.

அம்மா மாதக் கடைசியில் காப்பகத்தை மூடுவதாக முடிவு செய்திருந்தார். அதற்கு இரண்டு நாள் முன்பு, மதியம், வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது குருவி கத்தியது.

"காக்கா வந்துடுச்சு!" என்று சிரித்தார் தையல்கார மாமா, தையல் இயந்திரத்திலிருந்து எழாமலே.

"மாமா, இது நிஜம்!"

"போன தடவையும் இப்படித்தான் சொன்ன."

"கால்வாயில் தண்ணீர் மட்டம் இயல்பாக உள்ளது" என்றாள் நிம்மதி அக்காவும்.

"கேட்டியா?" என்றார் மாமா.

திருப்புளிக்கு அழுகை முட்டியது. அம்மா கீழே தனியாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டிருந்தார். இருவரால் மட்டும் முடியாது. நின்று வாதாடவும் நேரமில்லை.

"என்ன நம்ப வேணாம் மாமா. அக்காவையும் நம்ப வேணாம். மதில் மேல பாருங்க!"

மாமா பார்த்தார். மதிலுக்கு மேலே ஒரு சிவப்பு டவுசர் மெல்ல எட்டிப் பார்த்தது. பிறகு இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

"ஐயோ! டவுசர் ஏறுது! எல்லாரும் வாங்க, டவுசர் ஏறுது!" மாமா கத்திய கத்தலில் தெருவே வெளியே வந்தது.

அதைப் பார்த்த பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை. கைக்குக் கை மாறிக் குழந்தைகள் மாடிக்குப் போனார்கள். கடைசியாகத் தூங்குமூஞ்சியை மெத்தையோடு தூக்கினார்கள். கதவைச் சாத்தும்போதுதான் முதல் தண்ணீர் படியில் வழிந்தது. கொஞ்ச நேரத்தில் காப்பகத்தின் ஜன்னல்வரை நிரம்பிவிட்டது. எங்கோ மலையில் பெய்த மழை. அம்மா மொட்டைமாடியில் குழந்தைகளை மறுபடி மறுபடி எண்ணினார். எல்லோரும் இருந்தார்கள். திருப்புளியை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதுவிட்டார்.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. தெருமுனை அலுவலகத்துக்குள் நுழைந்த தண்ணீர் கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டைத் தொட்டிருந்தது.

"அபாயம்! அபாயம்!" என்று நிம்மதி அக்கா முதல்முறையாக அலறினாள். "தண்ணீர் வந்துவிட்டது! உடனே மேடான இடத்துக்குச் செல்லுங்கள்!"

"இப்பதான் முழிச்சியா தாயி?" என்றார் தையல்கார மாமா. மொட்டைமாடியே குலுங்கிச் சிரித்தது. அக்கா ஒரு விக்கல் விக்கி, நின்றுபோனாள்.

தண்ணீர் வடிந்ததும் அதிகாரி வந்தார். அவருடைய காலணி நடக்கும்போதெல்லாம் சளக் சளக் என்றது. மதிலோரம் போய், சிவப்பு டவுசரை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க கருவி நனைஞ்சுடுச்சு பாப்பா. வாரண்டி போச்சு" என்றார் சோகமாக. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "நாலு தெருவுக்கும் இதே மாதிரி வேணும். இது எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்ல சார். யாரு வேணா செய்யலாம். நீங்களே செய்யலாம்."

"நானா? சீல் வைக்க வேணாமா?"

"சீல் வெச்சா உள்ள எப்படிப் பாக்கறது?"

அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி, நான் தப்பா செஞ்சுட்டா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சுடும் சார்" என்றாள் திருப்புளி.

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"பயப்படாதீங்க. தெரிஞ்சாத்தான யாராவது சரிபண்ணுவாங்க!"

அதிகாரி காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தார். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, ஏணியில் ஏறி, வாழ்க்கையில் முதல்முறையாகக் கால்வாய்க்குள் இறங்கினார்.